வீட்டில் செய்த சப்வூஃபர் பெட்டி: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தாழ்ந்த ஒலிகளை (பேஸ்) மட்டும் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்காகப் புதிதாகச் செய்த பெட்டி சரியாக ஒலிக்கவில்லை என்றதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது ஸ்பீக்கரை, அடுத்தது ஆம்ப்ளிஃபையரை. இரண்டையும் மாற்றிப் பார்த்துப் பணம் கரைந்த பிறகுதான் பெட்டியின் பக்கம் திரும்புகிறார்கள். நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான வரிசை. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டு வந்தவை. பெட்டியை மட்டும்தான் நாம் அறுத்து, ஒட்டி, துளையிட்டுச் செய்தோம். எனவே கோளாறு பெரும்பாலும் நம் கைபட்ட இடத்தில்தான் இருக்கும்: காற்றுக் கசிவு, கன அளவுக் கணக்கு, போர்ட் குழாயின் (பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியே வந்துபோக வைக்கும் குழாய்) நீளம், உள்ளே கொடுத்த கம்பி இணைப்பு.

தேவையானவை அதிகமில்லை. ஒரே அதிர்வெண்ணில் டோன் எழுப்பும் கைப்பேசிச் செயலி, ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு டார்ச், ஓர் ஊதுவத்தி. ஒலியளவைத் தாழ்வாக வைத்தே எந்தச் சோதனையையும் தொடங்குங்கள். இசையில் நொடிப்பொழுது வந்துபோகும் அடியைத் தாங்கிக்கொள்ளும் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்), இடைவிடாத டோனை அதே அளவில் தாங்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஒலியே இல்லை, அல்லது கூம்பு துடிக்கிறது, பேஸ் வரவில்லை

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, கம்பிகளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் டெர்மினலில் மின்தடையை அளந்து பாருங்கள். 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 ஓம் வரை காட்டினால் நல்ல நிலையில் இருக்கிறது; மல்டிமீட்டர் நேர்மின்தடையை மட்டும் அளப்பதால் எண் சற்றுக் குறைவாகத்தான் வரும். அளவே காட்டவில்லை என்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் பெட்டிக்குள் நீங்கள் வைத்த ஈயப் பற்றைப் பாருங்கள்.

இரட்டை வாய்ஸ் காயில் கொண்ட ஸ்பீக்கர் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரு காயிலின் கூட்டல், கழித்தல் முனைகள் இடம் மாறியிருந்தால் இரண்டு காயில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். கூம்பு கிட்டத்தட்ட அசையாது. ஆனால் காயில்கள் சூடேறும். பேட்டரியின் கூட்டல் முனையை ஸ்பீக்கரின் கூட்டலிலும், கழித்தலைக் கழித்தலிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். இரண்டு காயில்களையும் தனித்தனியாகச் சோதித்து, இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் சற்று நேரம் பாடிவிட்டுத் தானாக நின்றுபோனால், காயில்களை இணைத்த விதத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம். தொடர் இணைப்பில் கொடுத்தால் 8 ஓம். 4 ஓமுக்குக் குறைந்த சுமையைத் தாங்காத ஆம்ப்ளிஃபையருக்கு 2 ஓம் சுமையைக் கொடுத்துவிட்டு, அது நின்றுபோகிறது என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.

தனியாக நன்றாக ஒலிக்கிறது. மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்ததும் மெலிந்துவிடுகிறது

பெட்டியைத் தொடாதீர்கள். இது ஃபேஸ் சிக்கல். சப்வூஃபரும் முன்பக்க ஸ்பீக்கர்களும் சந்திக்கும் அதிர்வெண்ணில், பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அளவில், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் சேர்ந்து ஒலியைக் குறைத்துவிடும். 80 ஹெர்ட்ஸ் டோனை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபையரின் ஃபேஸ் சுவிட்சை வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி கூடுகிறதோ அதுவே சரி. சுவிட்ச் இல்லையென்றால் சப்வூஃபருக்குப் போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் அதே விளைவு கிடைக்கும். டெர்மினலில் சிவப்பு எது, கறுப்பு எது என்பதைவிட உங்கள் காது சொல்வதுதான் இங்கே முக்கியம்.

“புஸ்... புஸ்...” என்று காற்றுச் சத்தம்

இது கசிவாக இருக்கலாம். போர்ட் குழாயின் இரைச்சலாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பிரித்தறியுங்கள். போர்ட்டின் வாயில் மடித்த துணியை இறுக்கமாகத் திணித்து, தாழ்ந்த ஒலியளவில் மீண்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் போர்ட், தொடர்ந்தால் கசிவு.

கசிவைத் தேட 35 அல்லது 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஊதுவத்தியின் புகையை விளிம்பு விளிம்பாக நகர்த்துங்கள். அவசரப்படாதீர்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் மட்டும் நடுங்கிச் சிதறும். கூம்பின் காகிதத்துக்கும் ரப்பர் ஓரத்துக்கும் அருகே ஊதுவத்தியின் நெருப்பு முனையைக் கொண்டுபோக வேண்டாம். பலகைகளின் நீண்ட இணைப்புகளைவிட, மூன்று பலகைகள் சந்திக்கும் மூலை, டெர்மினல் தட்டின் பின்புறம், கம்பி நுழையும் துளை, ஸ்பீக்கரின் சட்டத்துக்கும் முகப்புப் பலகைக்கும் இடைப்பட்ட வட்டம் ஆகிய நான்கு இடங்களில்தான் கசிவு அதிகம் தென்படும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கும் முறையும் உண்டு, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்கு அது ஆகாது. தண்ணீரைக் குடித்து ஊதிப்போன எம்.டி.எஃப். பழைய நிலைக்குத் திரும்பாது.

போர்ட் இல்லாத மூடிய பெட்டிக்குப் புகையில்லாமலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிட்டு, கூம்பின் இருபுறமும் விரல்களை விரித்து வைத்து, நேராக மெல்ல உள்ளே அழுத்துங்கள். உள்ளேயிருக்கும் காற்று மெத்தைபோல் எதிர்த்துத் தள்ளுவதை விரல் நுனியில் உணர முடியும். பெட்டிக்கு வெளியே, கையில் வைத்து அழுத்தியபோது இருந்த அதே தளர்ச்சி இப்போதும் இருந்தால், காற்று தாராளமாக வெளியேறுகிறது.

கசிவை உள்பக்கமிருந்து அடைப்பதே நல்லது. மரப்பசையும் மரத்தூளும் கலந்த குழம்போ, சிலிக்கானோ போதும். வினிகர் வாடை அடிக்கும் வகைச் சிலிக்கான் காயும்போது அமில ஆவியை வெளிவிடும். அது உலோகத்தை அரிக்கும். வாடை முழுவதும் அடங்கும்வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஸ்பீக்கரின் சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கானைப் பூசி ஒட்டவைப்பவர்களும் உண்டு. மறுபடி ஒருநாள் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைத்து, அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள்.

போர்ட்தான் இரைகிறது என்றால், குழாய் குறுகலாக இருக்கிறது. காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள், அதாவது ஒலியின் வேகத்தில் 5 சதவீதத்துக்குள், இருந்தால் இரைச்சல் பெரிதாகக் கேட்காது என்பது பெட்டி செய்பவர்கள் கையாளும் கணக்கு. குழாயின் இரு முனைகளையும் வெளிப்புறமாக வளைத்து வழவழப்பாக்கினால் கொஞ்சம் அடங்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அகலமான குழாய்தான் வழி. அகலம் கூடினால் நீளமும் கூடும்.

கடகடப்பு, நடுக்கம், கிர்ர்ர்

20 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை டோனை மெதுவாக உயர்த்துங்கள். எந்த இடத்தில் கடகடப்பு வருகிறதோ அங்கேயே நிறுத்தி, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். அறையில் என்றுதான் சொல்கிறேன். பெட்டியை மட்டும் சோதிப்பது போதாது. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, மின்விளக்கின் மூடி ஆகியவை செய்யும் குற்றத்துக்குப் பெட்டியைப் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

அறை குற்றமற்றது என்று தெரிந்தால் பெட்டிக்கு வாருங்கள். வெளியே டெர்மினலையும் திருகுகளையும் அழுத்திப் பாருங்கள். பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தளர்வாகத் தொங்கும் கம்பி பலகையில் அடிக்கும். அதை இரண்டு இடங்களில் கட்டிவிடுங்கள். பெட்டி செய்தபோது கைதவறி விழுந்த சிறு திருகு காந்தத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் பாடும். கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி அதிக அசைவில் கூம்பின் பின்புறத்தில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்தச் சத்தம் உலர்ந்த காகிதத்தைச் சுண்டியதுபோல் கேட்கும்.

கையை வைத்தால் பலகையே அதிர்கிறது என்றால் குறுக்குச் சட்டம் போதவில்லை. 18 மி.மீ. பலகையானாலும், நடுவில் ஆதாரமில்லாத பெரிய பரப்பு முரசுத்தோல் போல நடந்துகொள்ளும். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு சட்டம் கொடுங்கள். சரிநடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால், பலகையின் இரு பகுதிகளும் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதைத் தவிர்க்கலாம்.

எந்தப் பாட்டானாலும் ஒரே சுரம்தான் முழங்குகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். பெட்டி முழங்குகிறதா, அறை முழங்குகிறதா என்று தெரியாமல், குறிப்பிட்ட அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முழங்கும் அதிர்வெண்ணை டோன் வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒலியைத் தாழ்த்தி, காதைக் கூம்புக்கு மிக அருகில் வைத்து, அதற்குக் கீழேயும் மேலேயும் உள்ள டோன்களோடு ஒப்பிடுங்கள். அருகில் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்து, உட்காரும் இடத்தில் மட்டும் ஒன்று எகிறினால் அது அறையின் வேலை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையேயுள்ள தூரத்தால் 172-ஐ வகுத்துப் பாருங்கள்: 4 மீட்டர் நீள அறைக்கு 43 ஹெர்ட்ஸ், 5 மீட்டருக்கு 34. நீங்கள் கண்ட எண் இதற்கு அருகில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறையின் முழக்கத்துக்கு மருந்து இடமாற்றம். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையில் வையுங்கள். பேஸ் நிறைந்த இசையை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு, நீங்கள் இருக்கைக்குத் திரும்புங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பலன் தரும் முறை இது. மூலையில் வைத்தால் ஒலி கூடும், முழக்கமும் கூடும். இன்னொன்று: ஒரு சுரம் எகிறுவதை ஈக்வலைசரால் குறைக்கலாம். ஒரு சுரம் காணாமல் போகும் இடத்தில் அதை ஈக்வலைசரால் உயர்த்த முடியாது; எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் எதிரொலி அதே அளவில் வந்து அதை அழித்துவிடும். இருக்கையை நகர்த்துவதே வழி.

காதை அருகில் வைத்தாலும் முழங்குகிறதென்றால் பெட்டி சிறிதாகிவிட்டது. இங்கே ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்கள் உதவும். நெவில் தீல் 1961-இல் வகுத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய அளவுருக்கள் அவை. நமக்கு வேண்டியவை மூன்று: எஃப்.எஸ். (பெட்டியில்லாமல் ஸ்பீக்கர் ஒத்ததிரும் அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (அந்த ஒத்ததிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்), வி.ஏ.எஸ். (கூம்பைத் தாங்கும் பகுதியின் அதே நெகிழ்ச்சியைத் தரும் காற்றின் கன அளவு). மூடிய பெட்டிக்கான கணக்கு எளிது. வி.ஏ.எஸ்.-ஐப் பெட்டியின் கன அளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணால் க்யூ.டி.எஸ்.-ஐப் பெருக்கினால் பெட்டியின் க்யூ, எஃப்.எஸ்.-ஐப் பெருக்கினால் பெட்டியின் ஒத்ததிர்வு எண். க்யூ 0.7 அருகில் இருந்தால் ஒலி சமமாக இருக்கும். 1-ஐத் தாண்டினால் முழக்கம் தெளிவாகக் கேட்கும்.

எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 80 லிட்டர் என்று ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொள்வோம். 46 லிட்டர் பெட்டியில் அதன் க்யூ 0.74, ஒத்ததிர்வு 46 ஹெர்ட்ஸ். இடம் மிச்சமாகட்டும் என்று 20 லிட்டரில் அடைத்தால் க்யூ 1, ஒத்ததிர்வு 63 ஹெர்ட்ஸ். கீழே உள்ள பேஸ் போய்விடும்; 60-ஐச் சுற்றியுள்ள முழக்கம் மட்டும் நிற்கும். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும். கோட்பாட்டின்படி உச்ச வரம்பு 1.4 மடங்கு; நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆகவே 20 லிட்டரைப் பஞ்சால் 46 லிட்டராக்க முடியாது. காந்தத்தின் பின்னுள்ள காற்றுத் துளையைப் பஞ்சு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்படி செய்தேன், ஆனால் ஆழமான பேஸ் வரவில்லை

எந்தக் கணக்குப்படி? வெளி அளவை வைத்தா, உள் அளவை வைத்தா? 40 செ.மீ. கனசதுரப் பெட்டி வெளியே 64 லிட்டர். 18 மி.மீ. பலகை என்றால் உள்ளே ஒரு பக்கம் 36.4 செ.மீ.தான், கன அளவு 48.2 லிட்டர். அதிலும் ஸ்பீக்கரின் பின்பகுதி, குறுக்குச் சட்டம், போர்ட் குழாய் ஆகியவை அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 44 லிட்டர் மிஞ்சும்.

மூடிய பெட்டி இந்தத் தவறை மன்னித்துவிடும். மேலே சொன்ன ஸ்பீக்கருக்கு 64 லிட்டரில் க்யூ 0.68, குழாய் இல்லாததால் மிஞ்சும் 46 லிட்டரில் 0.74. காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. போர்ட் வைத்த பெட்டி மன்னிக்காது. போர்ட்டின் நீளத்தைச் செ.மீ.-இல் பெற, 23,562.5-ஐக் குழாய் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, போர்ட் ஒத்ததிர வேண்டிய அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்து, விட்டத்தின் 0.732 மடங்கைக் கழிக்க வேண்டும். 64 லிட்டர், 30 ஹெர்ட்ஸ், 10 செ.மீ. குழாய் என்று போட்டால் நீளம் 33.6 செ.மீ. அதே குழாயை உண்மையான 44 லிட்டரில் மாட்டினால் பெட்டி 36 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, குழாயின் உள்முனை பின்பலகைக்கு மிக அருகில் வந்து நின்று கணக்கை இன்னும் குழப்பும். முனைக்கும் பலகைக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி வேண்டும்.

44 லிட்டரை 30 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர 10 செ.மீ. குழாய் 52 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். முழங்கைக் குழாய் போட்டு வளைத்தால்தான் உள்ளே இடங்கொள்ளும். 7.5 செ.மீ. குழாய் என்றால் 28 செ.மீ. போதும், ஆனால் வாய் பாதியளவாகச் சுருங்குவதால் காற்றின் வேகம் ஏறி, முன்பு பார்த்த இரைச்சல் திரும்பும்.

உங்கள் பெட்டி உண்மையில் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதை அளந்தே பார்த்துவிடலாம். ஸ்பீக்கருடன் தொடராக ஒரு 100 ஓம் மின்தடையை இணைத்து, தாழ்ந்த ஒலியளவில் டோனை 15-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தி, ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு இடையே மாறுமின்னழுத்தத்தைப் படியுங்கள். எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இரண்டு உச்சங்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் போர்ட்டின் அதிர்வெண். மூடிய பெட்டியில் உச்சம் ஒன்றுதான் வரும். போர்ட் இருந்தும் பள்ளம் ஆழமில்லாமல் மழுங்கலாக இருந்தால் பெட்டி கசிகிறது என்று பொருள். மின்தடை கைவசம் இல்லையென்றால் கூம்பைக் கவனியுங்கள். போர்ட்டின் அதிர்வெண்ணை நெருங்கும்போது கூம்பின் அசைவு குறைந்து ஏறக்குறைய நின்றுவிடும். போர்ட்டின் வாயில் வைத்த கைக்கு அதே நேரத்தில் காற்று பலமாக அடிக்கும்.

அதிர்வெண் கூடுதலாக இருந்தால் குழாயை நீட்டுங்கள். குறைவாக இருந்தால் நறுக்குங்கள். நறுக்குவது எளிது என்பதால் முதலிலேயே சற்று நீளமாக வைத்துவிட்டுக் குறைத்துக்கொண்டே வருவது புத்திசாலித்தனம்.

கூம்பு பயமுறுத்தும் அளவுக்கு ஆடுகிறது. சில அடிகளில் “டொக்” என்கிறது

அந்த “டொக்”, வாய்ஸ் காயில் பின்தட்டில் முட்டும் சத்தம். ஒலியளவை உடனே குறையுங்கள். போர்ட் வைத்த பெட்டியில் போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் காற்று கூம்பைத் தாங்காது. பெட்டியே இல்லாததுபோல் அது ஆடும். ஒலியோ வராது. ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால், 30 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு 25 அளவில் வையுங்கள்.

மூடிய பெட்டியில் இது நேர்ந்தால் ஈக்வலைசரைப் பாருங்கள். அதே ஒலியளவை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது 40-க்குப் பதில் 20 ஹெர்ட்ஸில், கேட்க விரும்பினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 6 டெசிபல் உயர்த்தினால் ஆம்ப்ளிஃபையர் நான்கு மடங்கு ஆற்றல் தர வேண்டும். பேஸ் போதவில்லை என்று அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே போவதுதான் ஸ்பீக்கரைக் கொல்லும் குறுக்குவழி.

உரசல் சத்தம், கருகல் வாடை

வாடை வந்தால் சோதனை எல்லாம் பிறகு, முதலில் அணையுங்கள். ஆறிய பின் கூம்பை இருபுறமும் சமமாக அழுத்திப் பாருங்கள். மணல் தேய்வதுபோல் விரலுக்குத் தெரிந்தால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. எரிந்த காயிலுக்கு வீட்டில் வைத்தியம் இல்லை. ஆனால் வாடையில்லாத வெறும் உரசலுக்குக் காரணம் சில சமயம் நாம்தான்: சமமில்லாத முகப்புப் பலகையில் ஒரு பக்கத் திருகை மட்டும் முழுதாக முறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் கோணும். எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். புதிய ஸ்பீக்கரை மாட்டும் முன், எந்த ஒலியும் ஓடாதபோது ஆம்ப்ளிஃபையரின் வெளிமுனையில் நேர்மின்னழுத்தத்தை அளந்துவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் அடுத்த ஸ்பீக்கரும் எரியும்.

இசை இல்லாதபோதும் “ம்ம்ம்” என்ற இரைச்சல்

ஆம்ப்ளிஃபையருக்கு வரும் சிக்னல் கேபிளைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது பூமி இணைப்புச் சுழல்: இரண்டு சாதனங்கள் வெவ்வேறு வழியில் பூமி இணைப்புப் பெறுவதால் மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கேபிளில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே மின்பலகையில் சொருகிப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் சிக்னல் வழியில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். மூன்று முனை பிளக்கின் பூமி முனையை உடைத்துவிடச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். இரைச்சல் போகும், ஆனால் கோளாறு ஏற்படும் நாளில் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும். கேபிளைப் பிடுங்கிய பிறகும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அதன் மின்வழங்கு பகுதியில் உள்ள வயதான கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டியிருக்கும்.